கண்டறியாத லென்ஸ்

றொபின்சனைப் பற்றி நல்லதா ஒண்டு சொல்லுங்கோ எண்டு ஆரும் என்னைக் கேட்டால், அவன் வடிவாத் துடைப்பான் எண்டு சொல்லுவன். வேற ஒண்டுமில்லை. காலமை எழும்பினால் முகம் கழுவ முதல் லென்ஸ் துடைப்பான். அதுக்கொரு பஞ்சுபோலத் துணி, அதுக்கொரு சின்னத் தூரிகை, தூசி ஊத ஒரு றப்பர் குண்டு. தமக்கை றோசா விடியக் கருவாட்டுப் பாயை இழுத்து இழுத்து விரிச்சுக்கொண்டு நிப்பா. இந்தத் துரை வேம்புக்குக் கீழ கதிரையைப் போட்டுக்கொண்டு புஸ் புஸ் எண்டு ஊதிக்கொண்டிருப்பான். கடல் தண்ணி ஏறி நிக்கிற களப்புக் காத்தில உப்பு இருக்காம், லென்சுக்குக் கூடாதாம். அந்த உப்புக் காத்துக்குள்ள நிண்டு நிண்டு அவன்ர அக்காவுக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கி மூண்டு வருசம். அதை அவன் ஒருநாள் கேட்டிருப்பானோ தெரியாது.

நான் சின்னத்துரை, வள்ளத்து எஞ்சின் பழுது பார்க்கிறவன். சொந்த இடம் வடமராட்சி. சண்டைக் காலத்தில புத்தளத்துக்கு வந்தவன், சண்டை முடிஞ்சும் திரும்பிப் போகேல்லை. தலவிலவுக்கு இஞ்சால களப்புக் கரையில, றோசாவின்ர புருசன் பஸ்தியான்ர வளவுக்குள்ள ஒரு தகரக் கொட்டில் போட்டு, அதுக்குள்ளதான் வேலையும் படுக்கையும். சாப்பாடு றோசா தருவா. பாணும் சூடைமீன் தீயலும், இல்லாட்டிப் பிட்டும் இறால் சொதியும். அந்தச் சோத்தைத் திண்டவன் எண்டபடியால் அந்த வீட்டுக்காக வெளியில பொய்யும் சொல்லுவன். இப்ப சொல்லப்போறது பொய்யில்லை.

பஸ்தியான் மன்னார்ப் பக்கத்தால இடம்பெயர்ந்து வந்தவன். ஒரு பைபர் வள்ளம், பதினைஞ்சு குதிரை வலு எஞ்சின் ஒண்டு, எட்டு வயசில டிலக்சி எண்டொரு மகள். கதை மெத்தக் குறைவு. 'ஓம்' எண்டும் 'பாப்பம்' எண்டும் ரெண்டு சொல்லை வைச்சே ஒரு நாளை ஓட்டிப்போடுவான். பின்னேரம் களப்புக்குப் போனால் விடியத்தான் கரைக்கு வருவான். மாரி மழை பெய்து களப்புத் தண்ணி கலங்கின பிறகு மூண்டு மாசம் இறால் வரும். அந்த மூண்டு மாசத்தில உழைக்கிறதிலதான் மிச்ச ஒன்பது மாசமும் அந்த வீட்டில அடுப்பு எரியும். நான் சொல்லிற கதை நடந்தது அந்த மூண்டு மாசத்தில முதல் மாசம்.

அவன் போட்டது தங்கூசி வலை. தூண்டிலுக்குக் கட்டிற கண்ணாடி நரம்பு இருக்கே, அதாலேயே பின்னின வலை. தண்ணிக்குள்ள மீனுக்கும் தெரியாது, வெளியில தொங்கவிட்டால் மனிசருக்கும் தெரியாது. கிட்டப் போய் முகத்தில முட்டினால்தான் வலை எண்டு தெரியும். அரசாங்கம் தடை செய்த வலை. பிழையான வலைதான், நான் நியாயம் கதைக்க வரேல்லை. குஞ்சு குருமன் எல்லாம் அதில மாட்டிச் சாகும். ஆனால் கரை முழுக்க அதைத்தான் போட்டாங்கள். நூல் வலையோட போனவன் வெறும் பெட்டியோட வந்தான்.

மீன்பிடி இலாகாவின்ர பிசறிஸ் கந்தோர் ஜீப் சந்தியில திரும்பினால், முதல் வீட்டுப் பொம்பிளை சட்டியில அகப்பையால அடிப்பா. அந்தச் சத்தம் வீட்டுக்கு வீடு தாவி எங்கட வளவுக்கு வந்து சேர, றோசா வலையை அள்ளிக் கருவாட்டுப் பாய்க்குக் கீழ தள்ளிப்போடுவா. பாய்க்கு மேல பாதி காய்ஞ்ச கட்டாக் கருவாடு. ஈயும் நாத்தமும். எந்த உத்தியோகத்தர் அதுக்குள்ள கையை விடப்போறார்? வருவினம், கேப்பினம், பிளேன்ரீ குடிச்சுப்போட்டுப் போவினம். வலை கண்ணில படாட்டி வழக்கில்லை. இப்பிடித்தான் வருசக் கணக்கா நடந்தது.

இதுக்குள்ளதான் றொபின்சன் வந்து இறங்கினான். கட்டாரில ரெண்டு வருசம். அங்க தான் சூப்பவைசர் எண்டு ஊர் முழுக்கச் சொன்னான். கூடப் போய் வந்த ஒருத்தன் என்னட்டச் சொன்னான், இவன் ஒரு கம்பனிச் சாப்பாட்டுக் கூடத்தில தட்டுக் கழுவினவன் எண்டு. தட்டுக் கழுவிறது இளக்காரமான வேலையில்லை, நானும் கழுவியிருக்கிறன். கழுவிப்போட்டுச் சூப்பவைசர் எண்டு சொல்லித் திரியிறதுதான் எனக்குப் பிடிக்கேல்லை. தமக்கைக்கு ஒரு சவுக்காரக் கட்டி கொண்டு வந்தானோ? இல்லை. ஒரு கமராவும் அதுக்கு முன்னால பூட்டிற ஒரு கண்டறியாத லென்சும் கொண்டு வந்தான்.

வந்து ஒரு கிழமையில என்ர கொட்டிலுக்குள்ள மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். நான் காபிரேட்டரைக் கழட்டி மண்ணெண்ணெய்க்குள்ள போட்டுக்கொண்டு இருந்தன்.

"அண்ணை, இதைப் பாருங்கோ."

"என்னடாப்பா இது?"

"சுவர் அண்ணை."

"அது தெரியுது. கோயில் மண்டபத்துக் கக்கூசுச் சுவர். இதையேன் எடுத்தனி?"

"லென்சைச் சோதிக்கிறதெண்டால் கல்லுச் சுவர்தான் எடுக்க வேணும். நடுவில பாருங்கோ, சீமெந்துப் பொருக்குத் தெரியுது. இப்ப மூலையைப் பாருங்கோ. மூலையிலயும் அப்பிடியே தெரியுது. மற்ற லென்ஸ் எண்டால் மூலை கரைஞ்சுபோயிடும்."

"சரி, மூலையில என்ன கிடக்கு?"

"ஒண்டுமில்லை. சுவர்தான்."

"பிறகென்ன?"

"மூலைக்கு மூலை ஷார்ப் அண்ணை! உங்களுக்கு விளங்காது."

எனக்கு விளங்கேல்லைத்தான். இருபத்தெட்டு வயசுக் கடா மாடு வெய்யிலுக்குள்ள நிண்டு கக்கூசுச் சுவரை நாப்பது தரம் படம் எடுக்கிறதை விளங்கிற அளவுக்கு எனக்கு மூளை காணாது.

டிலக்சிக்கு முதல் நன்மை குடுத்த நாளிலயும் இவன்தான் படம். பிள்ளை வெள்ளைச் சட்டையோட, தலையில பூ முடியோட கோயில் வாசலில நிண்டு சிரிச்சுக்கொண்டிருக்கு. எடுவன்டா! எடுக்க மாட்டான். அரை அடி பின்னுக்குப் போ எண்டான். நாடியைத் தூக்கு எண்டான். மூச்சு விடாத எண்டான். கமராவின்ர முக்காலியை நிமித்தினான், குனிஞ்சான், ஏதோ திருகினான். வெய்யில் ஏற ஏறப் பிள்ளையின்ர சிரிப்பு இறங்கிப் போச்சு. கடைசியா அவன் கிளிக் பண்ணேக்க டிலக்சி பிரேதம் பார்க்க வந்தவ மாதிரி நிண்டா. வீட்ட வந்து சட்டை லேசை எண்பது மடங்கு பெருப்பிச்சுக் காட்டி, 'ஒரு இழை தப்பேல்லை பாருங்கோ அக்கா' எண்டான். றோசா தன்ர உடைஞ்ச போனில அதுக்கு முதலே ஒண்டு எடுத்து வைச்சிருந்தா. கொஞ்சம் கலங்கல்தான், பூ முடி சரிஞ்சு கிடக்கு, ஆனால் பிள்ளை பல்லு முழுக்கக் காட்டிச் சிரிக்குது. பஸ்தியான் அந்தப் போனைத்தான் வாங்கி வாங்கிப் பார்த்தான். றொபின்சன் எட்டிப் பார்த்துப்போட்டு, 'சீ, இதெல்லாம் ஒரு படமே?' எண்டான்.

பேஸ்புக்கில இவன் மாதிரி ஆக்கள் சேர்ந்து ஒரு கூட்டம் வைச்சிருக்கிறாங்கள். இலங்கை முழுக்க இருந்து கமராக்காரர். அதுக்குள்ள இரவு பகலாச் சண்டை. ஒருநாள் முகம் சிவக்க என்னட்ட வந்தான்.

"அண்ணை, கொழும்பில கலியாணப் படம் எடுக்கிற ஒருத்தன் எழுதியிருக்கிறான், அன்றாடம் எடுக்கிற படத்துக்கு லென்ஸ் ஷார்ப் எல்லாம் தேவையில்லையாம். ஆளைப் பார், வெளிச்சத்தைப் பார், எடுத்துப்போட்டுப் போ எண்டு எழுதியிருக்கிறான்."

"சரியாத்தானே எழுதியிருக்கிறான்."

"என்ன சரி? அப்ப ரெண்டு வருசம் மாஞ்சு இதை வாங்கின நான் விசரனே?"

நான் ஸ்பனரைத் தேடிற மாதிரிக் குனிஞ்சன். மத்தியானம் அந்த வீட்டிலதான் சாப்பிட வேணும்.

"பொறுங்கோ, அவனுக்குக் காட்டுறன். அன்றாடப் படம்தானே? அன்றாடப் படத்திலேயே காட்டுறன்."

அடுத்த நாள் காலமை பஸ்தியான் களப்பால வந்து, பெட்டியை இறக்கி, வலையை வேம்புக்கும் கொட்டில் தூணுக்கும் நடுவில இழுத்துக் கட்டினான். பாசி பொறுக்கிறதுக்கு அப்பிடிக் கட்டிறது வழக்கம். வாடைக் காத்து. ஆளின்ர காலும் கையும் தண்ணியில ஊறி வெளிறிக் கிடந்தது.

"அத்தான், அதில பெட்டியைக் கவிட்டுப்போட்டு இருங்கோ. வள்ளத்துக்கு முன்னால. ஒரு படம்."

"தம்பி, படுக்க வேணும்."

"ஒரு நிமிசம் அத்தான்."

றோசா பாசி பொறுக்கிறதை விட்டுப்போட்டுக் கேட்டா, "இஞ்சருங்கோ, பின்னால வலை கிடக்கு. கழட்டட்டே?"

பஸ்தியான் திரும்பிப் பார்த்தான். "அது படத்துக்கு விழாது. விடு."

அவன் சொன்னதிலயும் பிழையில்லை. அந்த இடத்தில, அந்த வலைக்கு முன்னால, றோசாவின்ர போனில நூறு படம் எடுத்திருக்கு. டிலக்சியின்ர பிறந்தநாள், சுற்றுலா வந்த வெள்ளைக்காரி, ஆட்டுக்குட்டி. ஒண்டிலயாவது வலை தெரிஞ்சதில்லை. தங்கூசி எண்டால் படத்தில விழாது எண்டு அந்தக் கரையில எல்லாருக்கும் நம்பிக்கை. நானும் அப்பிடித்தான் நினைச்சன்.

ஒரு நிமிசம் எண்டவன் முக்கால் மணித்தியாலம் மினக்கெட்டான். நான் போய்ப் பிளேன்ரீ குடிச்சு, ஒரு பிளக்கைத் துப்புரவாக்கிப்போட்டு வந்து பார்க்கிறன், பஸ்தியான் இன்னும் அதிலதான் குந்திக்கொண்டு இருக்கிறான்.

"டேய், மனிசன் விடிய விடியத் தண்ணிக்க நிண்டவர்!" எண்டு றோசா கத்தினா.

"முடிஞ்சுது அக்கா, முடிஞ்சுது. அத்தான் ஆடாதேங்கோ."

அண்டைக்கே அந்தப் படத்தை அந்தக் கூட்டத்துக்குள்ள போட்டான். கீழ என்ன எழுதினவன் தெரியுமோ? 'பின்னாலுள்ள வலையின் முடிச்சுகளை எண்ணிப் பாருங்கள்.' எழுதிப்போட்டு மீசையைத் தடவினான். அடுத்த நாள் ரெண்டாயிரம் பேர் விரும்பியிருக்கினம். கற்பிட்டியை வெள்ளைக்காரருக்கு விளம்பரம் பண்ணிற பக்கம் ஒண்டும் எடுத்துப் போட்டுது. கொழும்புக்காரன் பதில் எழுதேல்லையாம். இவன் பாணுக்குச் சம்பல் போட்டுத் திண்டுகொண்டே போனைத் தள்ளித் தள்ளிச் சிரிச்சான்.

மூண்டாம் நாள் மர்ஸூக் முதலாளி வந்தார். கனமூலைக்காரர், மோட்டர் சைக்கிளில ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு இறால் எடுக்க வாறவர். வழக்கமா இறாலைப் பார்த்துப்போட்டுத்தான் ஆளைப் பார்ப்பார். அண்டைக்கு ஹெல்மெட்டைக் கழட்ட முதலே கதைக்கத் தொடங்கினார்.

"பஸ்தியான், ஒங்கட மச்சினன் செஞ்ச வேலயப் பாத்தீங்களா? வலயப் போட்டு இரிக்கான் பேஸ்புக்ல. எங்கட மகன் கம்ப்யூட்டர்ல காட்டினான். கண்ணு கண்ணாத் தெரியிது."

பஸ்தியான் றோசாவின்ர போனை வாங்கினான். நாங்கள் நாலு பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தம். பஸ்தியான் பெட்டியில இருக்கிறான். வள்ளத்தின்ர மூக்கும் நம்பரும் தெரியுது. பின்னால வானம். வலை இருக்க வேண்டிய இடத்தில பனிப்புகார் மாதிரி ஒரு மூசாப்பு, அவ்வளவுதான்.

"எங்க முதலாளி? ஒண்டும் தெரியேல்லையே."

"இதுல தெரியா. பெரிசாக்கிப் பாருங்க."

பெரிசாக்கினால் அந்தப் போனில கட்டம் கட்டமா உடைஞ்சு போகுது. பஸ்தியான் போனைத் திருப்பிக் குடுத்தான். "சரி, பாப்பம்."

"பாப்பம் பாப்பம் எண்டு இரிக்காதீங்க மனிசன். அல்லாஹ்வுக்காக அந்தப் படத்த அழிக்கச் சொல்லுங்க. பிசறிஸ்காரனுக்கும் பேஸ்புக் இரிக்கிதானே."

றொபின்சன் வேம்புக்குக் கீழ இருந்தே குரல் குடுத்தான். "அழிக்கிறதோ? ரெண்டாயிரத்து நானூறு பேர் விரும்பியிருக்கினம் முதலாளி! கொழும்புக்காரன் பயந்து அழிச்சான் எண்டு சொல்லுவான்."

"டேய் தம்பி, இது ஒங்கட அத்தான்ட பொழப்பு."

"வலையை வலை எண்டு பார்க்கிறதுக்கு ஆர் வாறான்? அங்க எல்லாரும் லென்சைத்தான் பார்க்கினம்."

நான் றோசாவைப் பார்த்தன். ஒரு சொல்லு அவ சொல்லியிருந்தால் அவன் அழிச்சிருப்பான். ஆனால் தம்பியெண்டால் றோசாவுக்குக் கொஞ்சம் இளகும். "பார்த்தால் தெரியேல்லைத்தானே முதலாளி," எண்டா. மர்ஸூக் முதலாளி இறாலை நிறுத்து எடுத்துக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிப் போனார்.

வியாழக்கிழமை காலமை பத்து மணியிருக்கும். சட்டிச் சத்தம் கேட்டுது. றோசா வலையை அள்ளிப் பாய்க்குக் கீழ தள்ளிக் கருவாட்டைப் பரவி, கையைச் சீலையில துடைச்சுக்கொண்டு நிக்க, ஜீப் நேர எங்கட படலைக்கு வந்து நிண்டுது. மற்ற வீடுகளில நிக்கேல்லை.

ரெண்டு பேர் இறங்கிச்சினம். ஒருத்தர் வயசாளி, எங்களுக்குத் தெரிஞ்ச பெரிய உத்தியோகத்தர்தான், மாத்தயா எண்டுதான் கூப்பிடுவம். சிங்களவர், எண்டாலும் இருபது வருசம் இந்தக் கரையில திரிஞ்சு எங்களைவிட நல்லாத் தமிழ் கதைப்பார். மற்றது இளம் பெடியன், புதுச் சப்பாத்து, கையில கோப்பு.

"பஸ்தியான், ஒரு பிரச்சினை வந்திருக்கு," எண்டார் மாத்தயா. கோப்புக்குள்ள இருந்து ஒரு கடுதாசியை எடுத்தார். அந்தப் படம்தான். கந்தோரில பிறின்ட் எடுத்தது. மை காணாமல் வரி வரியா, பஸ்தியான்ர முகம் பச்சையா, பின்னால சாம்பல் கலங்கல். "இதை எங்களுக்கு மேலிடத்தால அனுப்பியிருக்கிறாங்க. வள்ளத்து நம்பர் உங்கடது. பின்னால இருக்கிறது தங்கூசி வலை எண்டு சொல்லுறாங்க. விசாரிச்சு எழுத வேணும்."

"அது நூல் வலை சேர்," எண்டான் பஸ்தியான். உத்தியோகத்தருக்கு முன்னால அவன் வாயில நாலு சொல்லு ஒண்டாய் வந்ததை நான் அண்டைக்குத்தான் கேட்டன்.

"நூல் வலைதான் மாத்தயா," எண்டு நானும் சொன்னன். "நானும் பக்கத்திலதான் நிண்டனான்." பொய்தான். கூசாமல் சொன்னன்.

மாத்தயா கண்ணாடியைப் போட்டுக் கடுதாசியைக் கிட்டப் பிடிச்சார், தூரப் பிடிச்சார். இளம் பெடியனட்டக் குடுத்தார். அவனும் பார்த்தான். றோசா பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும் கொண்டந்து வைச்சா.

"இதில விளங்கேல்லை," எண்டார் மாத்தயா ஆறுதலா. "நூலா தங்கூசியா எண்டு இதில சொல்ல ஏலாது. அப்பிடித்தான் எழுத வேணும்."

அவர் எங்களுக்கு வழி விட்டவர். நான் சத்தியம் பண்ணுவன், அவருக்குத் தெரியும். ஓய்வுக்குப் போக ஒரு வருசம் இருக்கிற மனிசன், இறால் காலத்தில ஒரு குடும்பத்தின்ர வள்ளத்தை இழுத்துக்கொண்டு போக விருப்பமில்லாமல் தேத்தண்ணியைக் குடிச்சார். பேனையையும் எடுத்துப்போட்டார். எல்லாம் முடிஞ்சுது எண்டு நான் மூச்சு விட்டன்.

அப்பதான் அவர் கடுதாசியைக் கோப்புக்குள்ள வைச்சுக்கொண்டு, சும்மா கதையோட கதையாச் சொன்னார், "படம் நல்லா மங்கிப் போயிருக்கு. சாதாரண போனில எடுத்ததாக்கும்."

வேம்புக்குக் கீழ கதிரை கிறீச்சிட்டுது.

"போனிலயோ?" எண்டான் றொபின்சன்.

றோசா திரும்பினா. "றொபின், நீ உள்ள போ."

"இல்லை அக்கா, சேர் போன் எண்டுறார்."

"உள்ள போ எண்டு சொல்லுறன்!"

பஸ்தியான் தலையைத் திருப்பினான். மச்சினனைப் பார்த்தான், அவ்வளவுதான். அந்தப் பார்வையைப் பார்த்தால் ஒரு நாய்கூட வாலை மடக்கிக்கொண்டு படுத்திருக்கும். இவன் உள்ளுக்குப் போனான். போனவன் மடிக்கணினியோட வெளிய வந்தான்.

றொபின்சன் பொய் சொல்லத் தெரியாதவன் எண்டு ஆரும் நினைக்கக் கூடாது. கட்டாரைப் பற்றிப் பொய். சம்பளத்தைப் பற்றிப் பொய். தலவில அன்னம்மாள் கோயில் திருநாளுக்குக் காணிக்கை போட்டன் எண்டு அந்த அன்னம்மாளுக்கே பொய். அண்டைக்கு அவன் ஒரு பொய்யும் சொல்லத் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டு கதிரையில குந்தியிருந்தால் காணும். அது அவனால ஏலேல்லை.

"சேர், உங்கட பிறின்டர் சரியில்லை. பிழை படத்தில இல்லை. இதைப் பாருங்கோ, இது ஒறிஜினல். இப்ப நூறு வீதத்தில காட்டுறன்."

மடிக்கணினியைக் கருவாட்டுப் பாய்க்குப் பக்கத்தில, மீன் வெட்டிற மேசையில வைச்சான். வலைக்கு மேலயே வைச்ச மாதிரி. இளம் பெடியன் குனிஞ்சான்.

"தெரியுதோ? முடிச்சு முடிச்சாத் தெரியுது. இப்ப மூலைக்குப் போறன். மூலையிலயும் அதே மாதிரி."

"இது என்ன நூல்?" எண்டு இளம் பெடியன் கேட்டான். கேக்கிறது அவன்ர வேலை.

"நூல் எண்டால் திரிச்ச திரி தெரியும் சேர். இந்த லென்சுக்குத் திரி தப்பாது. பாருங்கோ, இதில திரியே இல்லை. ஒரே கண்ணாடிக் கம்பி மாதிரி. வெளிச்சம் ஊடுருவிப் போறதுகூடத் தெரியுது. அவ்வளவு ஷார்ப்!"

சொல்லி முடிச்சுப்போட்டு நிமிர்ந்து எங்களைப் பார்த்தான். முகத்தில அப்பிடி ஒரு சந்தோசம். பிறகுதான், ஒவ்வொரு முகமாப் பார்த்துக்கொண்டு வரேக்கதான், அந்தச் சந்தோசம் கொஞ்சம் கொஞ்சமா வடிஞ்சுது. என்ன சொன்னன் எண்டு அப்பதான் அந்த மர மண்டைக்கு எட்டிச்சு.

"சேர், நான் சொன்னது... லென்சைப் பற்றி..."

மாத்தயா தேத்தண்ணிக் கிளாசைக் கீழ வைச்சார். பாதிதான் குடிச்சிருந்தார். "தம்பி, உன்னட்ட ஆர் கேட்டது?" எண்டார். பிறகு இளம் பெடியனுக்குச் சிங்களத்தில எழுதச் சொன்னார்.

இனி என்ன? எழுதினதுக்குப் பிறகு தேடத்தான் வேணும். இளம் பெடியன் புதுச் சப்பாத்தோட கருவாட்டுப் பாயைத் தூக்கினான். மூக்கைப் பொத்திக்கொண்டு தூக்கினான், எண்டாலும் தூக்கினான். வலை கிடந்தது. பஸ்தியான் கையை முன்னால கட்டிக்கொண்டு நிண்டான். றோசா பாய் ஓரத்தில குந்தி, சிதறின கருவாட்டை ஒவ்வொண்டாப் பொறுக்கினா. ஏன் பொறுக்கினா எண்டு அவவுக்கே தெரியாது.

வள்ளம், எஞ்சின், வலை, மூண்டும் வழக்கு முடியிற மட்டும் அவையளின்ர பொறுப்பில. வழக்கு முடிய எப்பிடியும் மூண்டு நாலு மாசம் செல்லும் எண்டு மாத்தயா சொன்னார். சொல்லேக்க பஸ்தியானைப் பார்க்கேல்லை. நாலு மாசத்தில இறால் எங்க, களப்பு எங்க? கந்தோரால லொறி ஒண்டை வரவழைச்சு, எஞ்சினைக் கழட்ட ஆள் வேணும் எண்டு என்னைக் கூப்பிட்டினம். காலமைதான் அதுக்குப் புதுப் பிளக் போட்டனான். என்ர கையாலயே கிளாம்பைத் தளர்த்தி, என்ர கையாலயே தூக்கி லொறியில வைச்சன். வள்ளத்தை உருளையில இழுத்து ஏத்தேக்க ஊர்ச் சனம் வேலியோட வந்து நிண்டுது. ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. அவையளின்ர வலையும் பாய்க்குக் கீழதானே கிடக்கு.

போற நேரம் இளம் பெடியன் றொபின்சனட்டக் கேட்டான், வழக்குக்கு அந்தப் படத்தின்ர பிரதி ஒண்டு வேணும் எண்டு. இந்தப் பிறவி என்ன கேட்டுது தெரியுமோ?

"ஃபுல் சைஸிலயோ சேர்?"

சத்தியமாக் கேட்டான். வெறும் வாய்ப் பழக்கத்தில கேட்டிருப்பான், எனக்குத் தெரியும். எண்டாலும் கையில கிடந்த ஸ்பனரால மண்டையில ஒண்டு போட வேணும் போல கிடந்தது எனக்கு. போடேல்லை. அண்டையில இருந்து நான் அவனோட கதைக்கிறேல்லை.

பஸ்தியான் லொறிக்குப் பின்னால பொலிசுக்குப் போய்க் கையெழுத்து வைச்சுப்போட்டு மத்தியானம் திரும்பி வந்தான். சாப்பிடேல்லை. சேட்டை மாத்திக்கொண்டு தலவிலக் கடற்கரைப் பக்கம் நடந்தான். அங்க யாக்கோபு எண்டொரு முதலாளியின்ர கரைவலை இருக்கு. கயிறு இழுக்க ஆள் எடுப்பினம். சொந்த வள்ளத்தில நிண்டவன், நாப்பத்தாறு வயசில, இருபது பேரோட வரிசையில நிண்டு கயிறு இழுக்கக் கேக்கப் போறான்.

பின்னேரம் வெய்யில் சாஞ்ச பிறகு றோசா கையைக் கழுவிக்கொண்டு வேம்படிக்கு வந்தா. றொபின்சன் அதில தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தான். அழுதவன் மாதிரித்தான் இருந்தது. அழட்டும். நான் கொட்டில் வாசலில இருந்து பார்த்துக்கொண்டிருந்தன். அவ பேசுவா, அடிப்பா எண்டு நினைச்சன்.

"அந்தப் படத்தை ஒருக்காக் காட்டு," எண்டா.

அவன் ஆவெண்டு பார்த்தான்.

"காட்டடா. என்ர வள்ளத்தைக் கொண்டுபோன படத்தை நானும் ஒருக்காப் பார்ப்பம். போனிலதானே பார்த்தனான்."

மடிக்கணினியைத் திறந்தான். பழக்கதோசம், கை நேர வலைக்குத்தான் போச்சு. முடிச்சு முடிச்சாப் பெருப்பிச்சான்.

"அதை விடு. அத்தானைக் காட்டு."

அவன் படத்தை இழுத்து இழுத்துப் பஸ்தியான்ர முகத்துக்குக் கொண்டந்தான். திரை முழுக்க முகம். றோசா குனிஞ்சு பார்த்தா. தாடி மயிரில உப்புப் பூத்திருந்தது. அது எனக்கே கொட்டிலடியில இருந்து தெரிஞ்சுது.

"இவர் நித்திரையடா," எண்டா றோசா.

"என்னக்கா?"

"கண்ணைப் பார். மூடியிருக்கு. இருந்தபடியே நித்திரையாப் போனார்."

றொபின்சன் குனிஞ்சு பார்த்தான். திரும்பவும் பார்த்தான். அந்தப் படத்தை அவன் ஆயிரம் தரம் பார்த்தவன். முடிச்சை எண்ணினவன், மூலையைப் பார்த்தவன், நம்பரைப் பார்த்தவன். ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர் பார்த்தவை. ஒருத்தனும் அந்த மனிசன்ர முகத்தைப் பார்க்கேல்லை.

"ஓமென்ன," எண்டான். "கவனிக்கேல்லை அக்கா." மடிக்கணினியை மெல்ல மூடினான். "அத்தான் வரட்டும். கண் திறந்தபடி வேற ஒண்டு வடிவா எடுத்துத் தாறன்."

றோசா நிமிர்ந்து, சீலைத் தலைப்பை இடுப்பில செருகினா.

"எந்த வள்ளத்துக்கு முன்னால இருத்தி எடுக்கப்போறாய்?" எண்டு கேட்டுப்போட்டு, மிச்சக் கருவாட்டை அள்ளப் போனா.